ஓநாய் வாசனை

அட்பாஷியில் பிப்ரவரி.
நிலக்கரி அடுப்பைச் சுற்றிப் பதினொரு பிள்ளைகள்.
மீதி ஒன்பது பேர் காய்ச்சலில், வீட்டில்.
காலிப் பெஞ்சுகளைக் காட்டி
"ஏனென்று இவர்களுக்குச் சொல்லுங்கள்" என்றார் ஆசிரியை,
சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.
நான் தடுப்பூசிப் பெட்டியோடு வந்தவள்.
பேச்சுக்கு ஒரு கையேடு மட்டும் கொடுத்திருந்தார்கள்.

தோலில் தொடங்கினேன்.
கழற்ற முடியாத கூடாரம் அது,
கம்பளி கிழிந்தால்தான் கிருமிக்கு வாசல்.
சளியும் காவல்காரன்தான் என்றதும்
உலான் பெருமையாக உறிஞ்சிக் காட்டினான்.
அவனிடம் நிறைய இருந்தது.

காய்ச்சல்?
உடம்பு தன் அடுப்பில் தானே அள்ளிப் போடும் கரி,
உள்ளே புகுந்த கள்ளன் புழுங்கட்டும் என்று.
"அளவுக்கு மேல் எரிந்தால்?"
அப்போதுதான் என்னைக் கூப்பிட வேண்டும்.

பெர்மெத் முழங்காலை நீட்டினாள்.
பனிச்சறுக்கில் கிழிந்தது. கட்டுக்கு அடியில் மஞ்சள்.
"இது என்ன?"
சீழ்.
"சீழென்றால்?"
உனக்காகப் போய்த் திரும்பாத வெள்ளை அணுக்கள்.
வாயைவிட்டுப் போன பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.
"செத்துட்டாங்களா? எத்தனை பேர்?"
லட்சக்கணக்கில் இருக்கும் என்றேன்.
எனக்குப் பொய் சொல்ல வராது.
புதுக் கட்டுப் போட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து
பழையதைக் கேட்டாள்.
கூடாது, எரிக்க வேண்டும் என்றேன்.
"அப்படின்னா கொஞ்சம் நில்லுங்கள்."
பதினொரு பேரும் எழுந்தார்கள்.
உள்ளங்கைகளை விரித்து, முகத்தில் தடவி,
"ஓமின்" என்றார்கள்.
உலான்கூட உறிஞ்சவில்லை.
அடுப்பின் கதவைத் திறந்தேன்.

அதற்குப் பிறகுதான் எர்மெக் கேட்டான்,
ஜன்னலோரம், பத்து வயது,
மாதாமாதம் நான் மருந்து கொண்டுவரும் பையன்:
"என்னுடைய வெள்ளை அணுக்கள்
என்னையே ஏன் அடித்தன?"

அவன் கணையத்தில் ஒரு சின்னப் பட்டறை இருந்தது.
சர்க்கரைக்குக் கதவு திறக்கும் சாவிகளைச் செய்துகொண்டிருந்தது.
அதை இடித்தவர்கள் வெளியாட்கள் அல்ல.
கையேட்டைப் புரட்டினேன்.
கோட்டை இருந்தது, வாள் இருந்தது,
பச்சை நிறத்தில் பல்லிளிக்கும் கிருமி இருந்தது.
அவனுக்கென்று ஒரு பக்கம் இல்லை.
தெரியவில்லை என்றேன்.
பெரிய மருத்துவர்களுக்கும் முழுக்கத் தெரியாது.

கரி வெடித்தது. யாரும் அசையவில்லை.

"எங்கள் மொய்னோக் ஒரு குட்டியைக் கொன்றுவிட்டது"
என்றான், என்னிடம் அல்ல, ஜன்னலிடம்.
"எங்கள் குட்டியைத்தான்.
முந்தின இரவு ஓநாய் வந்திருந்தது.
அது படுத்த இடத்தில் குட்டி புரண்டிருக்கிறது.
இருட்டு.
நாய்க்கு மூக்குதானே கண்."

"சுட்டுட்டீங்களா?" உலான்.

"எதுக்கு? அப்புறம் ஓநாயைப் பார்த்து யார் குரைப்பது?
அப்பா ஒரு வாரம் அதோடு பேசவில்லை.
எலும்பு மட்டும் போட்டார்."

கையேட்டை மூடிப் பெட்டிக்கு அடியில் வைத்தேன்.
ஊசி எதற்கு என்று விளக்க
எதிரியின் படம் காட்டுவதாக ஒரு வரி வைத்திருந்தேன்.
இப்போது வேறு சொன்னேன்:
ஓநாய் வருவதற்கு முன்பே
அதன் முடியில் ஒரு பிடி எடுத்து
மொய்னோக்கை மோந்து பார்க்க வைப்பது.
"கடிக்காத முடி" என்றாள் பெர்மெத்.
ஆமாம், கடிக்காத முடி.

வரிசையில் எர்மெக் முதல் ஆள்.
ஊசி அவனுக்கு வீட்டுச் சாமான்.
பின்னால் வந்தவர்களில் இரண்டு பேர் அழுதார்கள்,
ஒருவன் ஊசி படுவதற்கு முன்பே.

மதிய மணி அடித்தது.
ரொட்டியைப் பிரிக்குமுன்
எர்மெக் சட்டையைத் தூக்கினான்,
பேனா போன்ற தன் ஊசியை வயிற்றில் வைத்து அழுத்தினான்.
இத்தனை நாள் சுவர்ப்பக்கம் திரும்பித்தான் செய்வானாம்.
அழுத்திப் பிடித்துப் பத்து வரை எண்ண வேண்டும்.
மெல்ல எண்ணினான்.
ஏழில் உலான் சேர்ந்துகொண்டான்.